ஏழு மணிக்கு முன்

ஔலு நகரில் நவம்பர் என்பது
பிற்பகல் மூன்றுக்கே இருட்டிவிடும் மாதம்.
மேசைவிளக்கின் கீழ் வரைபடம்,
கையில் சிவப்புப் பென்சில்.
நகராட்சி தந்தது அறுபத்திரண்டு கிலோமீட்டர்.
நகரம் கேட்பதோ நூற்றைம்பது.

முன்னுரிமைச் சைக்கிள் தடம் என்றால்
பெரிதாக ஒன்றுமில்லை.
இரவெல்லாம் பனி கொட்டினாலும்
காலை ஏழுக்குள் அந்தப் பாதையை வழித்திருப்போம்.
குறுக்குத்தெருவில் கார் நிற்கும், மிதிப்பவர் போவார்.
சுரங்கவழியில் விளக்கு எரியும்.
கோட்டுக்கு வெளியே இருப்பவர்களிடம்
பன்னிரண்டு மணிக்கு வருவோம்.
வந்தால்.

ஆற்றுப்பாலம், யோசிக்கவே வேண்டாம்.
பல்கலைக்கழகம், சரி.
சந்தைக்கும் ரயிலடிக்கும் நடுவே
ஏற்கெனவே ஊரே ஓட்டுகிற வழியின் மேல்
நானும் ஒரு கோடு இழுத்தேன்.
அதற்குச் சம்பளம் வாங்கினேன்.

மீதியைக் கருவி சொன்னது.
தாருக்கு அடியில் புதைத்த கம்பிச்சுருள்
கடக்கிற ஒவ்வொரு சக்கரத்தையும் எண்ணும்,
எண்ணி அனுப்பும்.
பொய் சொல்லாது.
தன்மேல் ஏறாதவரைப் பற்றி
வாய் திறக்கவும் செய்யாது.

டிசம்பர் பத்தாம் தேதி, தூக்கம் பிடிக்காமல்
ஐந்து மணிக்கே சைக்கிளை எடுத்தேன்.
மைனஸ் பதினெட்டு.
மூக்குமயிர் ஊசி ஊசியாய் நின்றது.
பழைய காகித ஆலைக்குப் பின்னால்,
வரைபடத்தில் நான் வெள்ளையாகவே விட்டிருந்த இடத்தில்,
புதுப்பனியில் ஒரே ஒரு டயர்த் தடம்.
கொஞ்ச தூரம் நேராக, கொஞ்சம் தள்ளாடி,
மேட்டில் திணறி நின்று
பக்கத்தில் இரண்டு காலடி முளைத்து,
இறக்கத்தில் மறுபடி தடம் மட்டும்.

அதை வாசித்துக்கொண்டே போனேன்.
முதியோர் இல்லத்தின் பின்வாசலில் முடிந்தது.
தலைக்கவசத்திலிருந்து பனி உருகிச் சொட்ட
அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள் ராகேல் முஸ்தோனென்.
நாற்பது பேருக்கு ஓட்ஸ் கஞ்சி.
"ஆறு வருஷமாக இந்த வழிதான்.
முதல் பேருந்து ஆறரைக்கு."
யாரிடமாவது சொன்னீர்களா என்றேன்.
"எதை?" என்றாள்.

அன்று மத்தியானம் ரப்பரை எடுத்தேன்.
ஒரு தெருவை அழித்தால்தான்
இன்னொரு தெரு சிவக்கும்.
அறுபத்திரண்டு அறுபத்திரண்டுதான்.
கோட்டை மட்டும் நகர்த்தியும் பயனில்லை,
கடிகாரத்தையும் நகர்த்த வேண்டும்.
பனி வழிக்கும் வண்டியோட்டி கவுக்கோ
காப்பியை ஊதிக்கொண்டே சொன்னான்:
"ஐந்துக்குள் என்றால் எனக்கு இரண்டுக்கே விடியும்."
மறுக்கவில்லை. ஒப்பவும் இல்லை.
இரவுப்படி எவ்வளவு என்று மட்டும் கேட்டான்.

கூட்டத்தில் கண்ணாடியைத் துடைத்தபடி ஒருவர்,
"ஒரு டயர்த் தடத்துக்காகவா?"
எண்ணிக்கைப் பத்தியில் 1 என்றே எழுதியிருந்தேன்.
பக்கத்தில் ஒரு சுழியம் சேர்க்க
எத்தனை நேரமாகும்?
சேர்க்கவில்லை.
கைகள் உயர்ந்தன, போதுமான அளவுக்கு,
அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

மறுகுளிர்காலம்.
ஆலைப் பின்வழி இப்போது சிவப்பு.
போன வாரம், வழித்த பாதையின் உறைபனித் தூளில்
நான்கு தடங்கள் பார்த்தேன்.
ராகேலுடையது எதுவென்று
கண்டுபிடிக்க முடியவில்லை.

அழித்த தெரு எதுவென்று சொல்லவில்லையே.
அங்கே பதினான்காம் எண் வீட்டில்தான் நான் இருக்கிறேன்.
முழங்கால் பனியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினால்
எதிர்வீட்டு ஸைமி
பள்ளிக்கூடப் பிள்ளையைச் சறுக்குவண்டியில் இழுத்தபடி,
"கோடு போட்ட புண்ணியவதியைப் பார்த்தால் சொல்லுங்கள்,
இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்."

பன்னிரண்டு மணிக்கு வருவார்கள் என்கிறேன்.

"வந்தால்" என்கிறாள் அவள்.